தாடி ஓணான் சாப்பிட மறுத்தால்: ரொறொன்ரோ வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

அடுக்குமாடிகளில் நாய் வளர்க்க வசதியில்லாத எமது வீடுகள் சிலவற்றில், பிள்ளைகளின் அறையில் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே இருப்பது பியர்டட் ட்ராகன். தாடி ஓணான் என்று சொல்லலாம். ஊரில் வேலியில் தலையாட்டிய ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். இதன் சொந்த இடம் மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம். நன்றாகப் பராமரித்தால் பத்து வருடங்களும் அதற்கு மேலும் வாழும்.

"அப்பா, இது மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்று பிள்ளை வந்து சொல்லும்போது, ஓணானுக்கெல்லாம் வைத்தியமா என்று சிரித்துவிட்டுப் போவது எங்களில் பலருக்கு இலகு. ஆனால் ஊர்வன நோயை மறைக்கும் இயல்புள்ளவை. வெளியே தெரியவரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். பசி குறைவதுதான் பல நோய்களுக்கு முதல் அறிகுறி. அதைக் கவனித்த பிள்ளை சரியாகவே கவனித்திருக்கிறது.

முதலில் வெப்பத்தைப் பாருங்கள்

எங்கள் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. ஓணான் அதை வெளியிலிருந்து வாங்குகிறது. சூடு போதாவிட்டால் உண்டது சமிபாடு அடையாது, பசியும் வராது. ஆகவே உணவை மாற்றுவதற்கு முன் வெப்பத்தை அளக்க வேண்டும்.

வளர்ந்த ஓணான் வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பெட்டியின் மறுபக்கம் 24 முதல் 28 பாகை போதும். பெட்டியின் சுவரில் ஒட்டும் வெப்பமானி இதைச் சரியாகக் காட்டாது. மேற்பரப்பை நோக்கிப் பிடித்து அளக்கும் இன்ஃபிராரெட் வெப்பமானி வாங்குங்கள். தை மாதக் குளிரில் யன்னலோரமோ பல்கனிக் கதவோரமோ பெட்டியை வைத்தால் சூடு சட்டென்று இறங்கும்.

அடுத்தது யூவிபி விளக்கு. இந்த ஒளி இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, கல்சியம் உறிஞ்சப்படாது. எலும்பும் தாடையும் மென்மையாகும், தசை துடிக்கும், குடலின் அசைவும் மந்தமாகும். யன்னல் கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடுவதால் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு ஈடாகாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் காலப்போக்கில் குறையும். தயாரிப்பாளர் சொன்னபடி 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றிய திகதியைக் குழாயின் நுனியிலேயே எழுதிவையுங்கள்.

மின்சாரக் கட்டணத்தை நினைத்துச் சிலர் விளக்கை இடையில் அணைப்பதுண்டு. நாங்கள் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறோம். 100 வாற் மின்குமிழ் 12 மணித்தியாலம் எரிந்தால் 1.2 அலகு, மாதத்துக்கு 36 அலகு. மிருக வைத்தியரின் ஒரு பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. ஓஹிப் அட்டை ஓணானுக்குச் செல்லாது.

பசி குறையும் வழமையான காரணங்கள்

புதிய வீட்டுக்கு வந்த முதல் வாரங்களிலும் தோல் உரிக்கும் நாட்களிலும் பசி குறைவது வழமை. பெண் ஓணான் ஆண் துணையின்றியும் முட்டை உருவாக்கும். அப்போதும் சாப்பாடு குறையும். வயிறு பருத்து, ஓயாமல் மண்ணைத் தோண்டினால் முட்டையிட ஈரமண் நிரப்பிய பெட்டி ஒன்று கொடுக்க வேண்டும். தோண்டியும் முட்டை வராமல் சோர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒரு வயது கடந்த ஓணான்கள் சில, குளிர்காலத்தில் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இந்த ஓய்வில் எடை அதிகம் குறையக்கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்டது உறங்கிக் கிடந்தால் அதை ஓய்வு என்று விட்டுவிடாதீர்கள், நோயாக இருக்கலாம்.

மலச்சிக்கலும் அடைப்பும்

சூடு குறைவு, நீர் குறைவு, அளவுக்கு மீறிய பெரிய பூச்சி, விழுங்கிய மணல் ஆகியவை குடலை அடைக்கும். ஹீற்றர் ஓடும் எமது வீடுகளில் காற்று உலர்ந்திருப்பதால் நீர் குறைவது இலகு. எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கல்லுப்போல் இறுகியிருந்தால் அது நீர் போதாததன் அடையாளம்.

பெட்டியின் அடியில் மணலுக்குப் பதிலாகக் கடதாசி அல்லது ஓடு போடுங்கள். பூச்சி, ஓணானின் இரு கண்களுக்கும் இடையிலான அகலத்தை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. மலம் போகாவிட்டால் தோள் மூழ்காத இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் விடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். விளக்கெண்ணெய் போன்ற வீட்டு வைத்தியம் வேண்டாம். வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போகக்கூடும். பின்னங்கால் இழுபட்டால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வயிற்றோட்டம்

ஒருநாள் தண்ணீராகப் போவது, நீர்ச்சத்து மிகுந்த காய் தின்றதால் இருக்கலாம். தொடர்ந்து நாற்றத்துடன் போனால் கொக்சிடியா, ஊசிப்புழு போன்ற ஒட்டுண்ணிகளைச் சந்தேகிக்க வேண்டும். புதிய மலத்தை மூடிய பாத்திரத்தில் வைத்தியரிடம் கொண்டுபோனால் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்வார். கடையில் கிடைக்கும் புழு மருந்தை நாங்களாகக் கொடுக்கக்கூடாது.

எங்கள் சமையலறையிலிருந்து

அம்மம்மா அன்போடு நீட்டும் சோறு, பருப்பு, உப்பும் தூளும் சேர்ந்த கறி எதுவும் இதற்கு ஆகாது. ஸ்பினச், முளைக்கீரை போன்றவற்றின் ஒக்சலேற் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை அன்றாட உணவாக்க வேண்டாம். அவகாடோ, ருபாப் இரண்டும் நஞ்சு. கொலாட் இலை, கடுகு இலை, டன்டிலையன் இலை, துருவிய பட்டர்நட் பூசணி நல்லவை. 2009 முதல் ஒன்ராறியோவில் புல்வெளி அழகுக்காகக் களைகொல்லி தெளிக்கத் தடை இருந்தாலும், தெருவோரத்து டன்டிலையனைப் பறிக்காதீர்கள். சொந்த முற்றத்தில் பறித்து நன்றாகக் கழுவிக் கொடுங்கள்.

குட்டிக்குப் பூச்சி அதிகம் வேண்டும். வளர்ந்ததற்குப் பெரும்பகுதி கீரையாக இருக்க வேண்டும். கோடையில் பிள்ளைகள் பிடித்து வரும் மின்மினியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு மின்மினியே கொல்லப் போதும்.

ஒரு கொப்பி வையுங்கள்

திகதி, எடை, தின்றது, மலம், வெப்பம் என ஐந்து நிரல் போதும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுக்கலாம். 400 கிராம் இருந்தது 360 ஆனால் பத்து வீதம் போய்விட்டது. அது வைத்தியரிடம் போகவேண்டிய எல்லை. கொப்பியைப் பிள்ளையே எழுதட்டும். வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.

உடனே போக வேண்டியவை

மலத்தில் இரத்தம், வாந்தி, குழிவிழுந்த கண், துடிக்கும் கால், எழும்ப முடியாத சோர்வு. ஆசனவாயிலிருந்து சதை வெளியே வந்தால் சுத்தமான ஈரத்துணியால் மூடி அப்போதே புறப்படுங்கள்.

எல்லா மிருக வைத்தியரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. நோய் வருமுன்னரே தொலைபேசியில் விசாரித்து ஒருவரை அறிந்து வையுங்கள். சிக்கலான நோய்களுக்கு, 1862இல் தொடங்கிய ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரி குவெல்ப்பில் இருக்கிறது. குளிர்காலத்தில் காரை முதலில் சூடாக்கி, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.

வீட்டாரின் நலம்

நலமாகத் தோன்றும் ஓணானின் மலத்திலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை பலர் நோயுற்றதற்குத் தாடி ஓணான்களே காரணமென அறியப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், முதியோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பெட்டியையும் பாத்திரங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.