கண்டனமும் மறுப்பும்: யாழ்ப்பாணத்துச் சொல்வழக்குப் பற்றிய ஒரு குறிப்பு

ஒரு சமுதாயம் தன்னுள் எழும் மாறுபாடுகளை எச்சொற்களாற் குறித்தது என ஆராயுமிடத்து, அச்சொற்களின் அகராதிப் பொருளினும் அவை வாக்கியத்தில் எதனைச் செயப்படுபொருளாகக் கொண்டன என நோக்குவதே கூடுதற் பயன் தரும் என்பது எமது கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் இதற்குத் தக்க களமாகும்.

1841 இல் அமெரிக்க மிசனார் தொடங்கிய உதயதாரகை, தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சைவர் தரப்பில் ஆறுமுக நாவலர் 1849 இல் அச்சுயந்திரசாலை நிறுவினார். 1854 இல் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. முத்துக்குமார கவிராயரின் யேசுமத பரிகாரம், நீர்வேலிச் சங்கர பண்டிதரின் கிறிஸ்துமத கண்டனம் ஆகியனவும் இவ்வரிசையிற் சேர்வன. தலைப்புக்களே பேசுகின்றன. எதிராளி செய்வது தூஷணம். நாம் செய்வது பரிகாரம். பரிகாரம் என்பது தோஷத்துக்கும் நோய்க்கும் செய்யப்படுவது. ஆகவே, எதிராளியின் கூற்று விடைபெறவேண்டிய வாதமாகவன்றி, நீக்கப்படவேண்டிய மாசாகவே கொள்ளப்பட்டது. கண்டனம் என்பதன் மூலப்பொருளோ துண்டித்தல்.

மறுப்பு இவற்றினும் சாந்தமான சொல். நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் உடன்படலும் மறுத்தலும் அடுத்தடுத்தே நிற்கின்றன. சைவத்தினுள்ளேயே எழுந்த பூசலில் நாவலர் 1869 இல் ஆண்டது இச்சொல்லைத்தான்: போலியருட்பா மறுப்பு. உட்பகை என்பதாற் சொல் தணிந்தது எனச் சிலர் வாதிக்கலாம். 'போலி' என்ற அடைமொழி அத்தணிவை முன்னரே விழுங்கிவிட்டது என்பதை அவர்கள் கவனித்தல் வேண்டும்.

இவை யாவற்றிலும் செயப்படுபொருள் ஒரு நூல் அல்லது ஒரு மதம். ஆனால் யாழ்ப்பாணத்து வாழ்க்கையில் மறுத்தலுக்கு வேறொரு வாக்கிய அமைப்பும் இருந்தது: 'அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.' இங்கே நான்காம் வேற்றுமையில் நிற்பவன் மனிதன். வாதத்தை மறுப்போர் எழுத்தறிவும் அச்சும் வாய்க்கப்பெற்ற உயர்சாதியினரும் மிசனாருமாக இருந்தனர். கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் மறுக்கப்பட்டோர் அவ்விவாதங்களிற் பேசுவோராக இடம்பெற்றிலர். மிசனாரை அத்துணை வன்மையாக மறுத்த நாவலர், சாதியாசாரத்தை மறுத்தாரல்லர்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும் அவ்வாக்கியம் மாறவில்லை. மாற்றம் வீதியிலிருந்து வந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். எனினும் இயக்கம் தளரவில்லை. கண்டன ஊர்வலம், கண்டனக் கூட்டம் என்னும் தொடர்களில் கண்டனம் பண்டிதரின் ஏட்டை விட்டுப் பெயர்ந்து, எழுவாயாகத் திரளையும் செயப்படுபொருளாக ஒரு சமூக நடைமுறையையும் பெறுகின்றது.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் இரு வாக்கியங்களும் நேருக்கு நேர் நின்றன. உள்ளே செல்ல முயன்றோரைத் தடுத்தவர்களுள் முதன்மையானவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.