ஒரு கடிதமும் ஒரு தலைப்பும்



தேர்தல் காலத்தில் செய்தித்தாளை நாம் எப்படிப் படிக்க வேண்டும்? இதனை அறிய, 1924ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

அவ்வாண்டு ஜனவரியில் ராம்சே மெக்டொனால்ட் பிரதமரானார். தொழிற்சங்கங்கள் வளர்த்த தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஆனால், அது பெரும்பான்மை இல்லாத ஆட்சி, அக்டோபரில் கவிழ்ந்தது. 29ஆம் தேதி தேர்தல் என்று முடிவாயிற்று.

வாக்களிப்புக்கு நான்கே நாள் இருக்கையில், 25ஆம் தேதி சனிக்கிழமை, 'டெய்லி மெயில்' நாளிதழ் ஒரு கடிதத்தை வெளியிட்டது. மாஸ்கோவிலிருந்து கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் சினோவியேவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எழுதியதாம். தொழிலாளரையும் படைவீரரையும் கிளர்ச்சிக்குத் தூண்டும் கடிதம் அது. 'சோசலிஸ்டுகளின் எஜமானர்கள் தீட்டிய உள்நாட்டுப் போர்ச் சதி' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டிருந்தார்கள்.

'எஜமானர்கள்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். கடிதம் தொழிற்கட்சிக்கு எழுதப்பட்டதே அன்று. அம்மாதத் தொடக்கத்தில்தான், கம்யூனிஸ்டுகளைச் சேர்ப்பதில்லை எனத் தொழிற்கட்சி மாநாடு தீர்மானித்திருந்தது. இருந்தும் அந்த ஒரு சொல், இரு கட்சிகளையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது.

மெக்டொனால்ட் திங்கட்கிழமைதான் கார்டிப் நகரில் பதில் கூறினார். அதற்குள் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது.

பழைமைக் கட்சி பெருவெற்றி பெற்றது. தொழிற்கட்சியின் இடங்கள் 191லிருந்து 151ஆகக் குறைந்தன. ஆயினும் அதன் வாக்குகள் சுமார் பத்து இலட்சம் கூடின; லிபரல் கட்சியே மிகுதியாகச் சரிந்தது. எனவே, கடிதம் மட்டுமே ஆட்சியை மாற்றியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், மக்கள் அமைதியாகச் சிந்திக்க வேண்டிய நாட்களை அது அச்சத்தால் நிரப்பியது.

அக்கடிதத்தின் மூலப்படி இதுவரை கிடைக்கவில்லை. அது பெரும்பாலும் போலியே என்று, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் வரலாற்றாய்வாளர் 1999இல் அறிவித்தார். இந்த அறிவிப்பு வர 75 ஆண்டுகள் ஆயின!

ஆகவே, நேயர்களே, தேர்தல் நேரத்தில் பரபரப்பான செய்தி வந்தால் சில கேள்விகள் கேட்போம். இதற்கு ஆதாரம் எங்கே? இது ஏன் இன்று வருகிறது? தலைப்பில் உள்ள சொல், உள்ளே செய்தியிலும் இருக்கிறதா? எதிர்த் தரப்பின் மறுப்பை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்? கைத்தொலைபேசியில் வரும் செய்திக்கும் இவை பொருந்தும்.

வீட்டில் பிள்ளைகள் செய்தித்தாளை உரக்கப் படிக்கும்போது, தலைப்போடு நிறுத்தவிடாதீர்கள். கடைசி வரி வரை படிக்கச் சொல்லுங்கள். வாக்களிப்பது ஒரு நாள். அதன் பலனை நாம் அனுபவிப்பது பல ஆண்டுகள்.