பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 2004ஆம் ஆண்டுப் பருவம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த தொழில்முறை பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ், 1901இல் தொடங்கப்பட்டு 1912 முதல் ஃபென்வே பார்க் அரங்கைத் தன் சொந்தத் திடலாகக் கொண்டு ஆடிவருகிறது. உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரை 1918க்குப் பின் 86 ஆண்டுகளாக வெல்ல இயலாதிருந்த இவ்வணி மீண்டும் வென்ற ஆண்டு என்பதால் 2004ஆம் ஆண்டுப் பருவம் நினைவுகூரப்படுகிறது.

இந்த நீண்ட வறட்சிக்கு மக்கள் சொல்லிவந்த காரணம் ஒரு சாபமாகும். பேப் ரூத் என்னும் பெரும் ஆட்டக்காரரை ரெட் சாக்ஸ் உரிமையாளர் 1919ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட, அதன்பின் யாங்கீஸ் கோப்பை கோப்பையாக வென்று குவித்தது; ரெட் சாக்ஸோ 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகத் தொடரை எட்டியும் ஒவ்வொரு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. ரூத்தின் பட்டப்பெயரைக் கொண்டு இது ‘பாம்பினோவின் சாபம்’ எனப்பட்டது. எனினும், பெரிய லீக் அணிகளுள் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக் கடைசியாக, அதாவது 1959இல்தான், களமிறக்கிய அணி இதுவே என்பதையும், 1945இல் ஃபென்வே பார்க்குக்குத் தேர்வு ஆட்டத்துக்கு வந்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்யாமல் இவ்வணி திருப்பியனுப்பியதையும் எண்ணிப்பார்த்தால், சாபம் என்ற சொல் அணியின் சொந்தத் தவறுகளை மறைக்கவே உதவியது எனலாம்.

2003இல், உலகத் தொடருக்கு முந்தைய கட்டமான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்ட் எறிந்த பந்தை யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன்னாக அடிக்க, ரெட் சாக்ஸ் வெளியேறியது. (பந்து திடலின் எல்லையைத் தாண்டிப் பறக்க, மட்டையாளர் எல்லாத் தளங்களையும் சுற்றிவருவது ஹோம் ரன்.) அதன்பின் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன், பந்தெறிவாளர் கர்ட் ஷில்லிங்கையும், கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் கீத் ஃபௌல்க்கையும் சேர்த்தார்; டெரி ஃபிரான்கோனா பயிற்றுநரானார். ஜூலை 31 அன்று, ரசிகர்களின் செல்லப்பிள்ளையான நோமார் கார்சியபாரா வேறு அணிக்கு மாற்றப்பட்டது நகரையே அதிரவைத்தது. அதே நாளில் டேவ் ராபர்ட்ஸ் என்னும் வேக ஓட்டக்காரர் வந்து சேர்ந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை. 162 ஆட்டங்களில் 98 வென்ற அணி, தன் பிரிவில் யாங்கீஸுக்கு மூன்று ஆட்டங்கள் பின்தங்கி இரண்டாமிடம் பெற்று, அத்தகைய அணிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தின் வழியே அடுத்த சுற்றுக்குச் சென்று, அனாஹெய்ம் ஏஞ்சல்ஸை மூன்று நேர் ஆட்டங்களில் வென்றது.

லீக் இறுதித் தொடரில் மீண்டும் யாங்கீஸே எதிரணி. முதல் மூன்று ஆட்டங்களையும் ரெட் சாக்ஸ் இழந்தது. மூன்றாவதில் 19-8 என்ற கணக்கில் சொந்தத் திடலிலேயே நொறுங்கியது. ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று பின்தங்கிய எந்த அணியும் பெரிய லீக் பேஸ்பாலில் அதுவரை மீண்டதில்லை. அக்டோபர் 17 அன்று நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என யாங்கீஸ் முன்னிலையில் இருக்க, அக்காலத்தின் தலைசிறந்த முடித்துவைப்பாளரான மரியானோ ரிவேரா பந்தெறிந்துகொண்டிருந்தார். உரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் விழுந்தால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளம் பெறலாம். அவ்வாறு அதைப் பெற்ற கெவின் மில்லாருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் அனுப்பப்பட்டார். அடிக்குக் காத்திராமல், பந்து எறியப்படும் கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது தளத் திருட்டு எனப்படும். அவர் திருட வந்திருக்கிறார் என்பதை அரங்கிலிருந்த அனைவரும் அறிந்திருந்தனர். ரிவேரா முதல் தளத்துக்கு மும்முறை பந்தை எறிந்து அவரைத் தடுக்க முயன்றும், அவர் கையளவு இடைவெளியில் இரண்டாம் தளத்தைத் தொட்டார். பில் மில்லரின் அடியில் அவர் ஓட்டத்தை முடிக்க ஆட்டம் சமனாகி, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஒர்டிஸ் அடித்த ஹோம் ரன்னால் 6-4 என வெற்றி வந்தது. பருவத்தின் உச்சம் எனக் கொள்ள வேண்டியது, கோப்பையைவிடவும், சில விநாடிகளே நீடித்த அந்த ஓட்டமேயாகும்.

மறுநாள் ஆட்டம் 14 இன்னிங்ஸ் வரை நீண்டு, ஒர்டிஸின் அடியாலேயே 5-4 என முடிந்தது. அதன் கடைசி மூன்று இன்னிங்ஸ்களில் ஓர் ஓட்டமும் கொடாமல் பந்தெறிந்தவர், முந்தைய ஆண்டு தோல்வியைச் சுமந்த வேக்ஃபீல்ட். ஆறாவது ஆட்டத்தில், கணுக்காலின் தசைநாண் விலகாதிருக்கத் தையலிட்டுக்கொண்டு ஷில்லிங் களமிறங்கி, காலுறையில் இரத்தம் கசியக் கசிய ஏழு இன்னிங்ஸ்கள் எறிந்து ஓர் ஓட்டமே கொடுத்தார். ஏழாவதை நியூயார்க்கிலேயே 10-3 என ரெட் சாக்ஸ் வென்றது.

உலகத் தொடரில், அப்பருவத்தில் 105 ஆட்டங்கள் வென்றிருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வீழ்ந்தது. நான்கு ஆட்டங்களிலும் எந்தக் கட்டத்திலும் ரெட் சாக்ஸ் பின்தங்கவில்லை. முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்த அக்டோபர் 27 இரவில் நான்காவது ஆட்டத்தை 3-0 என்ற கணக்கில் வென்றதோடு தொடர் முடிந்தது. அதையடுத்த நாள்களில் நியூ இங்கிலாந்து வட்டாரக் கல்லறைகளில், இவ்வெற்றியைக் காணாமலே இறந்துபோன பெற்றோர், பாட்டன்மாரின் கல்லறைகள்மீது அணியின் தொப்பிகளும் கொடிகளும் வைக்கப்பட்டிருந்தன.