பாண்டியன் குதிரைக்கு இட்ட சோறு

சென்ற பள்ளி விடுமுறையில், டெங்கிலுக்கு அருகிலுள்ள புத்ராஜெயா குதிரையேற்றப் பூங்காவிற்கு மாணவர்கள் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். லாயப் பணியாளர் ஒருவர், நீளவாக்கில் நறுக்கிய கேரட் துண்டை விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டக் கற்றுக்கொடுத்தார். (விரலை மடக்கினால் அதையும் கேரட் என்று எண்ணிக் கடித்துவிடுமாம்.) அப்போது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, குதிரை சோறு சாப்பிடுமா?" என்று கேட்டாள். அனைவரும் சிரித்தனர். எனக்கோ பாண்டிய நாடு நினைவிற்கு வந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்தன. காயல் துறை அவ்வணிகத்தால் செழித்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அத்துணைப் பொன் கொடுத்து வாங்கியவற்றுள் ஆண்டு முடிவில் எஞ்சியவை மிகச் சிலவே என்பது, 1292 வாக்கில் இங்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பு. லாடம் அடிக்கத் தெரிந்தவர் இங்கு இல்லை. அத்தகையோர் வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். பழைய குதிரை இறந்தால்தானே புதியது விலைபோகும்!

உணவைப் பற்றிய செய்திதான் பெருவியப்பு. இறைச்சியோடு வேகவைத்த சோறு இட்டனர் என்கிறார் மார்க்கோ போலோ. வெண்ணெய் சேர்த்த வறுத்த பார்லியும், காய்ச்சிய பசும்பாலும் என்கிறார் வஸ்ஸாஃப். விருந்தினருக்கு இடுவதைப் போல, தமக்குச் சிறந்ததையே நம்மவர் இட்டிருக்கின்றனர். ஆயின் குதிரையின் குடல் புல்லுக்காக அமைந்தது. மாவுப்பொருள் மிகுந்தால் வயிற்றுவலியும் குளம்பில் அழற்சியும் உண்டாகும். வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது.

வஸ்ஸாஃப் கூறும் இன்னொன்று என்னை மேலும் உறுத்துகிறது. 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்துவிட்டு, பயிற்சி ஏதும் தராமல் ஏறி விரட்டினார்களாம். அவர் குதிரை விற்ற நாட்டவர். சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். உண்மையெனில், தீனிக்குக் குறைவில்லை, பழக்கத்திற்குத்தான் இடமில்லாமல் போயிற்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன், பசியையும் தாகத்தையும் தனிமையோடும், உணவையும் நீரையும் மனிதனின் வருகையோடும் குட்டி தொடர்புபடுத்திக்கொள்ளுமாறு வளர்க்க வேண்டும் என்று தம் குதிரையேற்ற நூலில் எழுதிவைத்தார்.

நம்மவர்க்கும் இவ்வறிவு வாய்க்காமலில்லை. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்ற பழமொழியைச் சோம்பேறிகளைத் திட்டவே நாம் பயன்படுத்துகிறோம் (வகுப்பறையில் நானும்தான்). குதிரையோடு பழகியவன் ஒருவன் கண்டு சொன்னதாகவே எனக்குப் படுகிறது. எந்தக் கை எதைக் கொண்டுவருகிறது என்பதைக் குதிரை மறப்பதில்லை.

அந்த மாணவி நீட்டிய கேரட்டைக் குதிரை இருமுறை முகர்ந்துவிட்டு விலகியது. அவள் கையை இழுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்துக்கொண்டது.