யுமினா: வாளிக்குள் கெளுத்தி, விளிம்பில் கீரை

இந்தோனேசியாவில் யுமினா, புமினா என்று இரண்டு சொற்கள் உண்டு. சாயுரான் என்றால் காய்கறி, புவா என்றால் பழம். இரண்டிலும் ஒரு துண்டை வெட்டி "மினா"வோடு ஒட்டியிருக்கிறார்கள். அந்த மினா நம்ம மீன்தான்! சமஸ்கிருதம் வழியாக அங்கே போனது. கீரை போட்டால் யுமினா. தக்காளி, மிளகாய் போட்டால் புமினா.

ஆனால் இந்தக் கூட்டணி தொடங்கியது காய்க்காக அல்ல, தண்ணீருக்காக. ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு மீன் வளர்த்தால், செவுள் வழியாக வரும் அம்மோனியா சேர்ந்து மீனைக் கொன்றுவிடும். அமெரிக்காவின் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1978ல் வெளியிட்ட கட்டுரையில், கெளுத்தித் தொட்டித் தண்ணீரைத் தக்காளி வேர்கள் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்தார்கள். அதாவது தக்காளிதான் ஃபில்டர்.

நடுவில் வேலை செய்வது பாக்டீரியா. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

இந்தோனேசியா இதை இன்னும் எளிமையாக்கியது. 1980களின் நடுவில் தைவான் வழியாக ஆப்பிரிக்கக் கெளுத்தி அங்கே வந்தது. இதற்குச் செவுள் தவிர, காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பும் உண்டு. ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரிலும் மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும். அதனால பம்ப் வேண்டாம், கரண்டும் வேண்டாம். லம்புங் அரசு பாலிடெக்னிக்கில் உருவான "புடிக்டம்பர்" முறையில் ஒரு பெரிய வாளிதான் குளம். விளிம்பில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கப்புகளில் கரியும் வள்ளைக்கீரையும். 2020 ஊரடங்கில் இது வீடு வீடாகப் பரவியது.

அந்த வீடியோக்களைப் பார்த்து நம்ம ஊரில் அப்படியே இறங்கிவிடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் 2000லேயே தடை செய்யப்பட்டது. வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். அங்கே வாளியை ஓடவைத்த அதே முரட்டுத்தனம்தான் இங்கே ஆபத்து.

காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கு நமக்கும் பஞ்சமில்லை. விரால், பனையேறிக் கெண்டை இரண்டும் மேலே வந்து மூச்சு விடுபவைதான். முயற்சி செய்பவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.