ஜெபம் பண்ணா கடவுள் கேட்பாரா? வேலூர் சி.எம்.சி. பிறந்த கதை (த்ரெட்)

1/ "டாக்டர், நாங்க ஜெபம் பண்றோம். கடவுள் கேட்பார்தானே?" ஐ.சி.யூ. வாசல்ல எந்த டாக்டரும் அடிக்கடி சந்திக்கிற கேள்வி. மருந்துச் சீட்டுல இதுக்குப் பதில் எழுத முடியாது. ஆனா வரலாறு கொஞ்சம் உதவும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ மேலூர் பக்கம் இருக்கிற திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். இறைவனை நினைச்சு உருகி அவர் பாடின திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், ஜி.யு. போப். நூல் வெளிவந்தது 1900ல், அவருக்கு 80 வயசு. ஜெபம் பண்றதையே வாழ்க்கையா வச்சிருந்த ஒருத்தர், இன்னொரு மதத்துக்காரரோட வேண்டுதலை மதிச்சு உழைச்சிருக்கார்.

3/ அதே 1900 ஜனவரியில் இன்னொரு கிறிஸ்தவர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. கையில் புது டாக்டர் பட்டம். பேர் ஐடா ஸ்கடர். இவங்க ஏன் டாக்டர் ஆனாங்கங்கிறதுலதான் நம்ம கேள்வியே இருக்கு.

4/ 1890கள். திண்டிவனம். ஐடாவோட அப்பா அங்கே மிஷனரி டாக்டர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அமெரிக்காவிலிருந்து வந்த இளம்பெண் ஐடா. ஊழியமும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம்னு இருந்தவங்க.

5/ ஒரே ராத்திரி மூணு பேர் கதவைத் தட்டினாங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூப்பிடறேன்"னு ஐடா சொன்னாங்க. ஆம்பளை டாக்டர் வேண்டாம்னு மூணு பேரும் திரும்பிட்டாங்க.

6/ ஐடா அன்னைக்கு ராத்திரி தூங்கலை, ஜெபம் பண்ணிட்டே இருந்தாங்க. காலையில் சாவு மேளம் கேட்டுச்சு. மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

7/ இங்கே கொஞ்சம் நில்லுங்க. அந்த மூணு வீட்டுலயும் யாராவது அவங்கவங்க சாமியை வேண்டாம இருந்திருப்பாங்களா? அந்தப் பெண்களைக் காப்பாத்த அன்னைக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர். அது ஒண்ணுதான் அங்கே இல்லை.

8/ ஐடா அமெரிக்கா போய் 1899ல் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. வேலூரில் ஒரே ஒரு படுக்கையோட தொடங்கினாங்க. 1902ல் 40 படுக்கை மருத்துவமனை. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்னைக்கு நாம சொல்ற வேலூர் சி.எம்.சி. இதுதான்.

9/ அப்போ ஜெபம் கேட்கப்பட்டுச்சா? விசுவாசி "ஆமா"ம்பார். இறந்துபோன அந்த மூணு பேரைக் கேட்டா? ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கிறதுதான் நேர்மை.

10/ சரி, அறிவியல் இதைச் சோதிக்கலையான்னு கேட்பீங்க. சோதிச்சிருக்கு. 1872லேயே பிரான்சிஸ் கால்டன் கணக்குப் போட்டார். நாடே நீண்ட ஆயுள் வேண்டி ஜெபிக்கிற ராஜ குடும்பத்தினர்தான், வசதியான மத்தவங்களைவிடக் குறைஞ்ச நாள் வாழ்ந்திருந்தாங்க.

11/ 2006ல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு. 6 மருத்துவமனைகள், இதய பைபாஸ் செஞ்ச 1,802 பேர். கிறிஸ்தவக் குழுக்கள் அவங்களுக்காக 14 நாள் ஜெபிச்சாங்க. சிக்கல் வந்தவங்க: ஜெபம் நடக்குதான்னு உறுதியா தெரியாதவங்களில், ஜெபம் நடந்த குழு 52%, நடக்காத குழு 51%. ஜெபம் நடக்குதுன்னு உறுதியா தெரிஞ்சவங்களில் 59%!

12/ ஏன் கூடுச்சு? தற்செயலா இருக்கலாம். "எனக்காக ஜெபிக்கிற அளவுக்கா நிலைமை மோசம்?"ங்கிற பதற்றமா இருக்கலாம்னு ஒரு யூகமும் உண்டு. கடவுள் இருக்காரா இல்லையான்னு இந்த ஆய்வு சொல்லலை. ஜெபத்தை மாத்திரை மாதிரி டோஸ் கணக்குல அளந்தா பலன் தெரியலைன்னுதான் சொல்லுது.

13/ இதை எழுதக் காரணமே இனிமேதான். நோயாளி இறந்துட்டா "உங்களுக்கு விசுவாசம் பத்தலை"ன்னு குடும்பத்துக்கிட்ட சொல்றவங்க இருக்காங்க. அழுதுட்டு இருக்கிற தாய் தலையில் பழியையும் ஏத்தற வேலை அது. தயவுசெஞ்சு செய்யாதீங்க.

14/ பைபிளையே எடுத்துக்கோங்க. கெத்செமனே தோட்டத்தில், இந்தத் துன்பம் என்னைவிட்டு நீங்கட்டும்னு இயேசுவே வேண்டினார். கூடவே, உம் சித்தப்படி ஆகட்டும்னும் சொன்னார். மறுநாள் சிலுவை. அவருக்கு விசுவாசம் பத்தலைன்னு எந்தக் கிறிஸ்தவராவது சொல்வாரா?

15/ இன்னொண்ணு. ஜெபத்தை நம்பி இன்சுலினை நிறுத்தாதீங்க. டைப் 1 சர்க்கரை நோயில் அதை நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். ஜெபிச்ச ஐடா, அடுத்துப் போய் உட்கார்ந்தது மருத்துவக் கல்லூரி வகுப்பில்.

16/ தாராளமா ஜெபம் பண்ணுங்க. பக்கத்துல உட்கார்ந்து நோயாளி கையைப் பிடிச்சுக்கோங்க. மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்க. அவர் பிழைக்கலைன்னா, நீங்க ஜெபிச்சது குறைன்னு மட்டும் யாரையும் சொல்ல விடாதீங்க.