தாம்பரம் கவுன்ட்டரில் கல்கத்தா டிக்கெட் - ஐந்து கணினிகள் கைகோத்த கதை

தாம்பரம் ரயில் நிலையத்தின் முன்பதிவு கவுன்ட்டர். வரிசையில் ஒருவர் நிற்கிறார். வேலை குரோம்பேட்டையில், சொந்த ஊர் அசாம். போவதற்கு ஒரு டிக்கெட், திரும்பி வர ஒரு டிக்கெட் என்று படிவத்தை நீட்டுகிறார். ஊழியர் வண்டி எண்ணைத் தட்டுகிறார். சில விநாடிகளில் இரண்டு டிக்கெட்டும் அச்சாகி வருகின்றன.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்த இரண்டு டிக்கெட்டுகளுக்கான கணக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் அதிசயம்! தாம்பரத்தில் கிளம்பும் வண்டியின் இருக்கைக் கணக்கு ஒரு கணினியில். குவாஹாத்தி பக்கம் கிளம்பும் வண்டியின் கணக்கு கொல்கத்தாவில் உள்ள இன்னொரு கணினியில். யாரிடம் கேட்க வேண்டும் என்று தாம்பரத்து இயந்திரத்துக்கு எப்படித் தெரிந்தது?

கணினித் துறையில் இதை 'சர்வீஸ் டிஸ்கவரி' என்கிறார்கள். நமக்கு வேண்டிய சேவை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, தொலைவிலிருந்தே அதைக் கூப்பிடுவது. பெயர் புதிதாக இருந்தாலும் இந்தச் சிக்கல் நம் ரயில்வேக்கு மிகப் பழையது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நோட்டுப் புத்தகக் காலம்

கணினிக்கு முன்பு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. அது வண்டி கிளம்பும் ஊரில் இருக்கும். பெயரை எழுதினால் இடம் உறுதி. வழியில் உள்ள ஊர்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்கியிருப்பார்கள். அதுதான் கோட்டா.

சிக்கல் திரும்பி வரும் பயணத்தில். ஹௌராவில் ஏறும் வண்டியின் ரெஜிஸ்டர் ஹௌராவில் இருக்கிறது. மெட்ராஸில் இருப்பவர் அதில் எப்படிப் பெயர் எழுதுவது? தந்தி அடிப்பார்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் வராமலேயே கிளம்பினால், போன ஊரில் இறங்கியதும் முதல் வேலை முன்பதிவு வரிசையில் நிற்பதுதான்.

தாம்பரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு என்றைக்குமே குறைவில்லை. 1937-ல் இங்கே இடம் மாறி வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதி மாணவர்கள், விமானப்படைத் தளத்தில் பணியாற்றியவர்கள் என்று பலர். லீவு முடிந்து குறித்த நாளில் திரும்பியாக வேண்டியவர்களுக்கு அந்தத் தந்திப் பதில் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

காமர்ஸ் கண்ணோட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஸ்லீப்பர் பெட்டியின் 72 படுக்கைகளும் ஒரு சரக்கு இருப்பு மாதிரி. ஆனால் அழுகும் சரக்கு. வண்டி கிளம்பிவிட்டால் விற்காத படுக்கையின் மதிப்பு பூஜ்யம். ஒரு ஊரின் கோட்டா விற்காமல் கிடக்க, இன்னொரு ஊரில் வெயிட்டிங் லிஸ்ட் நீளும். இருப்பு எங்கே என்று தெரியாததால் வரும் நஷ்டம் இது.

கணினி வந்தது, சிக்கல் போகவில்லை

1985 நவம்பரில் டெல்லியில் கணினி முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருளின் பெயர் 'இம்ப்ரெஸ்'. 1989-க்குள் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், செகந்தராபாத் நகரங்களுக்கும் அது வந்துவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் தனி வரிசை என்ற நிலை மாறி, எந்தக் கவுன்ட்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்றானது. பெரிய நிம்மதி!

ஆனால் ஐந்து நகரங்களும் ஐந்து தீவுகள். மெட்ராஸ் கணினிக்கு கல்கத்தா கணினியின் கணக்கு தெரியாது. ரெஜிஸ்டர் திரைக்கு மாறியதே தவிர, வெளியூரிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டுக்குப் பழையபடி கோட்டாவைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி வேறு விதமாகத் தீர்ந்திருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 1960-களில் உருவாக்கிய 'சேபர்' முறையில் எல்லா விமானங்களின் கணக்கும் ஒரே மையத்தில். ஒரே கடை என்றால் கடை எது என்று தேட வேண்டியதில்லையே! நம் ரயில்வேயில் கடைகள் ஐந்து. அதனால் வழி காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

யாரிடம் கேட்பது?

1984-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேறு கணினியில் உள்ள புரோகிராமை, நம் கணினியிலேயே இருப்பதுபோல் கூப்பிடுவது எப்படி என்பதே விஷயம். கூப்பிடும் முன்பு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு அவர்கள் 'கிரேப்வைன்' என்ற பொதுப் பதிவேட்டைப் பயன்படுத்தினார்கள். சேவை தருபவர் தன் பெயரையும் முகவரியையும் அதில் பதிந்து வைப்பார். கேட்பவர் பெயரைச் சொன்னால் போதும், முகவரி கிடைத்துவிடும்.

கான்சர்ட்

ரயில்வேயின் கணினிப் பிரிவான 'கிரிஸ்' 1986-ல் தொடங்கப்பட்டது. அவர்கள் உருவாக்கிய புதிய மென்பொருள்தான் 'கான்சர்ட்'. 1994-ல் செகந்தராபாத்தில் முதலில் ஓடியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன.

ஐந்தையும் கலைத்து ஒன்றாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மையம்தான் சொந்தக்காரர். நடுவில் 'ரிலையபிள் டிரான்சாக்‌ஷன் ரூட்டர்' என்ற மென்பொருள் நிற்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் உருவாக்கியது. இதன் முறை எளிமையானது. ஒவ்வொரு சர்வரும் தொடங்கும்போதே, எந்த விவரங்களுக்குத் தான் பொறுப்பு என்று ரூட்டரிடம் சொல்லிவிடும். கேள்வி வந்தால், அதில் உள்ள விவரத்தைப் பார்த்து ரூட்டர் சரியான சர்வருக்கு அனுப்பும். கேட்கும் கவுன்ட்டருக்கு அது சென்னையா கொல்கத்தாவா என்று தெரியவே வேண்டாம்.

இன்னொரு பொறுப்பும் அதற்கு உண்டு. பாதியில் லைன் அறுந்தால்? கொல்கத்தாவில் படுக்கை கழிந்துவிட்டது, தாம்பரத்தில் டிக்கெட் வரவில்லை என்று ஆகக் கூடாது. இரண்டு பக்கமும் பதிவாக வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதிவாகக் கூடாது. பிராஞ்ச் அக்கவுன்ட்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். தலைமை அலுவலகப் புத்தகமும் கிளைப் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. பழைய டிக்கெட் இருந்தால் பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். சென்னை மையத்து வண்டி என்றால் 4, டெல்லி 2, கொல்கத்தா 6, மும்பை 8 என்று தொடங்குவதைக் காணலாம். அந்த எண்ணிலேயே வீட்டு முகவரி ஒளிந்திருக்கிறது!

வசதியும் அதன் விலையும்

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. அந்தத் தளத்திடம் சொந்தமாக ஒரு படுக்கைகூடக் கிடையாது. அதுவும் ஒரு கவுன்ட்டர்தான். கேள்வியை அதே மையங்களுக்குத்தான் அனுப்புகிறது. ஆனால் நாடு முழுவதும் நிற்கும் கவுன்ட்டர்!

இங்கேதான் யோசிக்க வேண்டியது. எங்கிருந்தும் எந்த ரெஜிஸ்டரையும் தொடலாம் என்றால், எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கலுக்காக தாம்பரம் கவுன்ட்டரில் முதல் ஆளாக நிற்பவர், உண்மையில் முதல் ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான போன்களும் அதே நொடியில் அதே கணினியைக் கேட்கின்றன. நடுவில் ஏஜென்ட்டுகளின் மென்பொருட்கள் வேறு. அதனால்தான் 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது.

கோட்டாவும் மறையவில்லை. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டில் ஜி.என்., பி.க்யூ., ஆர்.எல். என்று எழுத்துகள் வருகின்றனவே, அவை எந்தப் பங்கிலிருந்து இடம் கேட்கிறோம் என்பதைச் சொல்பவை. ரெஜிஸ்டர் எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கணினி முடித்துவிட்டது. அதில் உள்ள படுக்கைகளை எந்த ஊருக்கு எத்தனை என்று பிரிப்பது மட்டும் இன்னும் மனிதர்கள் எடுக்கும் முடிவு.

குரோம்பேட்டைக்காரரின் திரும்பி வரும் டிக்கெட்டில் 'ஆர்.எல்.' என்று வந்திருந்தால், கொல்கத்தா கணினி ஒரு விநாடியில் பதில் சொல்லிவிட்டது என்பதில் அவருக்குப் பெரிய ஆறுதல் இருக்காது. ஆனால் அந்தப் பதிலைக் கேட்க அவர் அசாம் வரை போக வேண்டியிருக்கவில்லை. தந்திக்காகக் காத்திருந்த தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.